தாமாக முன்வந்த மௌனம்
முதல் உலகப் போரும் அமெரிக்க உள்நாட்டு வாழ்வும்

கவிஞர்கள் கூடி வளர்த்த ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அமெரிக்க வரலாற்றுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்குரிய விடை ஒரு நீதிமன்றக் காட்சியில் இருக்கிறது.

1918 ஏப்ரல் திங்களில் நியூயார்க் நகர நீதிமன்றம் ஒன்றில் ஒரு கவிதை குற்றவாளிக் கூண்டில் ஏறியது. 'தி மாசஸ்' என்னும் இடதுசாரி இதழின் ஆசிரியர் மாக்ஸ் ஈஸ்ட்மன், எழுத்தாளர் பிளாய்ட் டெல், ஓவியர் ஆர்ட் யங் ஆகியோருடன் ஜோசபின் பெல் என்னும் இளம் பெண்ணின் பெயரும் குற்றப்பத்திரிகையில் இடம் பெற்றிருந்தது. கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்துச் சிறை சென்ற எம்மா கோல்ட்மன், அலெக்சாண்டர் பெர்க்மன் ஆகிய இருவரையும் போற்றி ஒரு கவிதை எழுதியதே அவர் செய்த குற்றம். வழக்கறிஞர் அக்கவிதையை நீதிபதியிடம் நீட்டினார். படித்துப் பார்த்த நீதிபதி, இதையா கவிதை என்கிறீர் என்று கேட்டார். குற்றப்பத்திரிகை அப்படித்தான் சொல்கிறது என்றார் வழக்கறிஞர். அந்தப் பெண் மீதான வழக்கு அப்போதே தள்ளுபடி ஆயிற்று. உடன் நின்றவர்கள் பின்னாளில் இந்நிகழ்ச்சியை இவ்வாறு நினைவுகூர்ந்தனர்.

கவிதை எழுதுவோர் இதைக் கேட்டு நகைப்பது இயல்பு. கவிதை நன்றாக இருந்திருந்தால் தண்டனை கிடைத்திருக்குமோ என்று நாமும் வேடிக்கையாகக் கேட்கலாம். ஆயினும் சிரிப்பு அடங்கியபின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மக்களாட்சியைக் காக்கப் போகிறோம் என்று உலகறிய முழங்கிப் போரில் இறங்கிய ஒரு நாடு, ஓராண்டுக்குள் ஒரு கவிதையைக் கூண்டில் ஏற்றும் நிலைக்கு எப்படி வந்தது?

நடுநிலை என்னும் நூலிழை

1914 ஆகஸ்டில் ஐரோப்பா தீப்பற்றியபோது குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் தம் மக்களைச் செயலில் மட்டுமன்றி எண்ணத்திலும் நடுநிலை காக்குமாறு வேண்டினார். அக்கோரிக்கைக்குக் காரணம் இருந்தது. ஜெர்மானியர், ஐரிஷ்காரர், இத்தாலியர், போலந்தினர், யூதர் எனப் பல நாட்டினர் குடியேறி உருவாக்கிய நாடு அது. ஐரோப்பாவின் பகை அமெரிக்கத் தெருக்களில் எதிரொலிக்கும் என்ற அச்சம் வில்சனுக்கு இருந்தது.

எண்ணம் நடுநிலை காத்ததோ இல்லையோ, பணம் காக்கவில்லை. போரிடும் நாடுகளுக்குக் கடன் தருவது நடுநிலைக்கு ஒவ்வாது என்று வெளியுறவுச் செயலர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் தொடக்கத்திலேயே எச்சரித்தார். பிற கடத்தல் பொருள்களையெல்லாம் வாங்க வல்லது பணம். ஆதலின் கடத்தல் பொருள்களில் மிகக் கொடியது அதுவே என்பது அவர் வாதம். அவ்வெச்சரிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. பிரிட்டனின் கடற்படை முற்றுகையால் ஜெர்மனியுடன் வணிகம் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. நேச நாடுகளுடன் வணிகம் பெருகிற்று. 1917 ஏப்ரலுக்குள் நேச நாடுகளுக்குக் கிடைத்த அமெரிக்கக் கடன் சுமார் 230 கோடி டாலர். ஜெர்மனிக்குக் கிடைத்ததோ 3 கோடிக்கும் குறைவு.

1915 மே 7ஆம் நாள் லூசிடானியா பயணக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தகர்த்தது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அவர்களுள் 128 பேர் அமெரிக்கர். வில்சன் ஜெர்மனிக்கு விடுத்த கடுமையான குறிப்பில் கையொப்பமிட மனமின்றிப் பிரையன் ஜூன் மாதம் பதவி விலகினார். ஜெர்மனியிடம் காட்டும் கண்டிப்பைப் பிரிட்டனின் முற்றுகையிடமும் காட்டுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1916 தேர்தலில் நம்மைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர் என்ற முழக்கத்தோடு வில்சன் மீண்டும் வென்றார். 1917 பிப்ரவரியில் ஜெர்மனி வரையறையற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது. மார்ச் 1ஆம் நாள், மெக்சிகோவை அமெரிக்காவுக்கு எதிராகத் தூண்டும் சிம்மர்மன் தந்தி செய்தித்தாள்களில் வெளியாயிற்று. டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா ஆகிய பகுதிகளை மெக்சிகோ மீட்டுக்கொள்ளலாம் என்று ஆசைகாட்டியது அத்தந்தி. நூலிழை அறுந்தது.

ஏப்ரல் 2ஆம் நாள் வில்சன் காங்கிரஸ் முன் தோன்றி, உலகம் மக்களாட்சிக்குப் பாதுகாப்பான இடமாக வேண்டும் என்றார். செனட் அவை 82க்கு 6 என்றும், பிரதிநிதிகள் அவை 373க்கு 50 என்றும் வாக்களித்துப் போரை ஏற்றன. எதிர்த்தோருள் ஒருவர் மோன்டானா மாநிலத்தின் ஜெனட் ராங்கின். அமெரிக்கக் காங்கிரசில் நுழைந்த முதல் பெண் அவர். அவை புகுந்த சில நாள்களிலேயே அவர் இவ்வாறு வாக்களிக்க நேர்ந்தது.

நான்கு நிமிடப் பேச்சாளர்

போர் அறிவித்து ஒரு வாரத்தில், ஏப்ரல் 13ஆம் நாள், பொதுச் செய்திக் குழு என்னும் அமைப்பை வில்சன் நிறுவினார். ஜார்ஜ் கிரீல் என்னும் இதழாளர் அதன் தலைவரானார். போருக்கு வேண்டிய முதற்பொருள் வெடிமருந்தன்று, ஒருமித்த மனம் என்பதைக் கிரீல் நன்கறிந்திருந்தார்.

அக்குழுவின் முறைகளுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. அக்காலத் திரையரங்குகளில் ஒரு படச்சுருளை எடுத்து மற்றொன்றை மாட்டுவதற்குச் சுமார் நான்கு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து போரைப் பற்றிப் பேசுவார். ஊதியம் கிடையாது. பேச்சின் கருப்பொருள் வாஷிங்டனிலிருந்து வரும், சொல் அவருடையது. இத்தகைய நான்கு நிமிடப் பேச்சாளர் 75,000 பேர் இருந்தனர் என்றும், ஏழரை இலட்சம் உரைகளுக்கு மேல் ஆற்றினர் என்றும் கிரீல் பின்னர்க் கணக்குக் கொடுத்தார். பேசியவர் அரசு அலுவலர் அல்லர். ஊரின் வழக்கறிஞர், ஆசிரியர், வங்கியாளர் போன்றோர். அறிமுகமான வாயிலிருந்து வந்த சொல்லுக்கு அரசாணைக்கு இல்லாத வலிமை இருந்தது.

அடுக்களைப் போர்முனை

இதே வழியை உணவுத் துறையிலும் காண்கிறோம். பட்டினியால் வாடிய பெல்ஜியத்துக்கு 1914 முதல் உணவு திரட்டி அனுப்பிய ஹெர்பர்ட் ஹூவர், 1917 ஆகஸ்டில் அமெரிக்க உணவு நிர்வாகியானார். ஐரோப்பாவில் கண்டதுபோல் எங்கும் பங்கீட்டு அட்டைகளைத் திணிக்க அவர் விரும்பவில்லை. இல்லத்தரசியரிடம் உறுதிமொழி அட்டையில் கையொப்பம் கேட்டார். கையொப்பமிட்டவர் வீட்டுச் சன்னலில் அதற்கான அடையாளச் சீட்டு தொங்கியது. கோதுமையில்லாத் திங்களும் புதனும், இறைச்சியில்லாச் செவ்வாயும் வழக்கத்துக்கு வந்தன. உணவு போரை வெல்லும் என்பது முழக்கம். சிக்கனமாக உண்பதற்கு 'ஹூவரைஸ்' என்ற வினைச்சொல்லே பிறந்தது.

வெற்றுமனைகளில் காய்கறித் தோட்டங்கள் தோன்றின. நச்சுப்புகை முகமூடிக்கு வேண்டிய கரிக்காகப் பிள்ளைகள் பீச் பழக்கொட்டைகளைச் சேர்த்தனர். பள்ளிச் சிறுவர் 25 செண்ட் கொடுத்துச் சேமிப்பு வில்லை வாங்கினர். சுதந்திரக் கடன் பத்திரங்களை விற்கச் சார்லி சாப்ளின், மேரி பிக்போர்டு, டக்ளஸ் பேர்பாங்ஸ் ஆகிய திரை நட்சத்திரங்கள் ஊரூராகச் சென்றனர். போர் முடிந்தபின் வெளியிட்ட வெற்றிக் கடனையும் சேர்த்து 2,100 கோடி டாலருக்கு மேல் திரண்டது.

இவற்றைச் சிறுமைப்படுத்துதல் முறையன்று. கட்டளையின்றி ஒரு மக்கள்திரள் தன் தட்டிலிருந்து ஒரு பிடியை எடுத்துக் கடலுக்கு அப்பால் இருப்பவனுக்கு வைத்தது பெருஞ்செயலே. ஆனால் சன்னலில் சீட்டுத் தொங்காத வீட்டை அண்டை வீட்டார் எப்படிப் பார்த்திருப்பர்? கடன் பத்திரம் வாங்காதவன் பெயர் ஊருக்குத் தெரிந்தால் அவன் நிலை என்ன? தன்னார்வம் என்னும் நாணயத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அப்பக்கத்தையும் நாம் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

அண்டை வீட்டுக் கண்கள்

அமெரிக்கப் பாதுகாப்புக் கழகம் என்ற பெயரில் சுமார் இரண்டரை இலட்சம் தனிமனிதர் நீதித்துறையின் இசைவோடு துப்பறியத் தொடங்கினர். சட்டைப் பையில் ஒரு பட்டயம். காதில் அக்கம்பக்கத்தார் பேச்சு. போருக்கு ஆகாத சொல் எவர் வாயில் வந்தாலும் அதை மேலே அனுப்புவது இவர்கள் தொண்டு.

ஜெர்மன் மொழி பகைவனின் மொழியாயிற்று. முட்டைக்கோசு ஊறுகாயாகிய 'சவர்கிராட்' சுதந்திரக் கோசு ஆயிற்று. இது வேடிக்கை. அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் 1918 மே 23ஆம் நாள் வெளியிட்ட அறிவிப்பு வேடிக்கையன்று. பள்ளியிலும் பொதுவிடத்திலும் தொலைபேசியிலும் வழிபாட்டிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்றது அது. ஆங்கிலம் அறியாத மூதாட்டி ஒருத்தி தன் கடவுளிடம் எம்மொழியில் முறையிடுவாள்? மொழிக்காக வருந்திய வரலாறு உடைய நமக்கு இக்கேள்வியின் கனம் தெரியும். நெப்ராஸ்கா மாநிலம் போர் முடிந்த பின்னும் 1919இல் இத்தகைய சட்டம் இயற்றியது. பத்து வயதுக் குழந்தைக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்பித்த ராபர்ட் மேயர் என்னும் ஆசிரியர் 25 டாலர் தண்டம் பெற்றார். 1923இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. ஆசிரியருக்குக் கற்பிக்கவும் பெற்றோருக்குத் தம் பிள்ளைகளின் கல்வியைத் தேர்ந்தெடுக்கவும் உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

மேயருக்கு நீதி ஐந்தாண்டுக்குள் வந்தது. ராபர்ட் பிரேகருக்கு வரவே இல்லை. ஜெர்மனியில் பிறந்த அச்சுரங்கத் தொழிலாளி அமெரிக்கக் கடற்படையில் சேர முயன்று, உடற்குறையால் மறுக்கப்பட்டவர். 1918 ஏப்ரல் 5ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் இல்லினாய் மாநிலக் காலின்ஸ்வில் ஊருக்கு வெளியே ஒரு கும்பல் அவரைத் தூக்கிலிட்டது. வழக்கில் நிறுத்தப்பட்ட பதினொருவரையும் ஜூன் மாதம் நடுவர் குழு விடுவித்தது. தொங்கவிட்டவர்களும் தம்மைத் தன்னார்வத் தொண்டர் என்றே எண்ணியிருந்தனர். பெல்ஜியக் குழந்தைக்குச் சோறு அனுப்பிய அதே ஊக்கம்தான், தடம் மாறி, இங்கே கயிற்றைத் திரித்தது.

சட்டம் இவற்றுக்கு முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்தது. 1917 ஜூன் 15இல் ஒற்றாடல் சட்டம். 1918 மே 16இல் அதனினும் கடுமையான அரசெதிர்ப்புச் சட்டம். அரசையும் கொடியையும் படைவீரர் உடையையும் இழித்துரைப்பதும் குற்றமாயிற்று. இரண்டாவது சட்டத்துக்கு முன்மாதிரி, ராங்கினின் மோன்டானா அதே ஆண்டு பிப்ரவரியில் இயற்றிய மாநிலச் சட்டம். அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றித் திரைப்படம் எடுத்த ராபர்ட் கோல்ட்ஸ்டைனுக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. பின்னரே அது குறைந்தது. 1776ஆம் ஆண்டுக் கதையில் பிரிட்டிஷ் படையினரைக் கொடியவராகக் காட்டியதால் 1917ஆம் ஆண்டு நட்பு நாட்டின் பெயர் கெட்டதாம்! தன் பிறப்பின் கதையைச் சொல்லவும் ஒரு நாடு அஞ்சிய காலம் அது.

சொல்லை நம்பியவர்கள்

வில்சனின் மக்களாட்சி என்னும் சொல்லை உள்ளபடியே நம்பியவர்களும் இருந்தனர். 1917 சனவரி முதல் வெள்ளை மாளிகை வாயிலில் வாக்குரிமை கேட்டு நின்ற பெண்கள், போர் தொடங்கியபின் குடியரசுத் தலைவரின் சொற்களையே பதாகைகளில் எழுதி ஏந்தினர். ஜூன் முதல் அவர்கள் கைதாயினர். ஆலிஸ் பால் சிறையில் உண்ணாநோன்பு இருந்தபோது வலிந்து உணவு புகட்டப்பட்டது. அரசியல் சட்டத்தின் 19ஆம் திருத்தம் 1920 ஆகஸ்டில் நிறைவேறியது.

அச்சொல் கடல் கடந்து சென்னையையும் எட்டியது. அதே 1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையாரைச் சென்னை அரசு காவலில் வைத்தது. மதுரையில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாய் விளங்கி ஓய்வு பெற்ற மணி ஐயர் என்னும் எஸ். சுப்பிரமணிய ஐயர், தன்னாட்சிக் கழகத்தின் மதிப்புறு தலைவராக இருந்தார். ஜூன் 24ஆம் நாள் அவர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்களாட்சிக்காகப் போரிடும் தலைவரே, இந்தியாவின் நிலையையும் பாரும் என்பது அதன் உட்பொருள். அமெரிக்க நண்பர்கள் அதைக் கொண்டு சென்றனர். இந்திய அமைச்சர் மாண்டேகு அச்செயலைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வன்மையாகக் கண்டித்தார். எழுபத்தைந்தை ஒட்டிய வயதினரான ஐயர், சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் 1918இல் துறந்தார். ஒரு சொல்லை மெய்யென்று எடுத்துக்கொண்டதற்கு அம்முதியவர் தந்த விலை அது. தலை குனியாமல் தந்தார்.

எழுத்தாளர் செய்தது என்ன?

நம் வட்டத்தார்க்கு மிகவும் நெருக்கமான வினா இது. ஜாய்ஸ் கில்மர் போன்ற கவிஞர் படையில் சேர்ந்து 1918 சூலையில் பிரெஞ்சு மண்ணில் மாண்டார். அவர் தம் நம்பிக்கைக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர். அவரிடம் நமக்கு வழக்கில்லை. இ. இ. கம்மிங்ஸ் பிரான்சில் மருத்துவ ஊர்தி ஓட்டச் சென்று, நண்பர் எழுதிய கடிதங்களால் ஐயத்துக்கு ஆளாகி மூன்று மாதம் தடுப்புக் காவலில் இருந்தார். அவ்வனுபவம் 1922இல் 'தி எனார்மஸ் ரூம்' என்னும் நூலாயிற்று. ஆனால் போர்முனைக்குச் செல்லாமல் மேசையில் இருந்தபடியே பேனாவை அரசுக்கு இரவல் தந்த பேராசிரியரும் எழுத்தாளரும் பலர். கிரீலின் குழுவுக்குத் துண்டு நூல்கள் எழுதிக் கொடுத்தவர்களுள் புகழ்பெற்ற வரலாற்றறிஞர் இருந்தனர்.

இதைக் கண்டு மனம் பொறாதவர் ராண்டால்ப் போர்ன். கூன் முதுகும் குன்றிய உருவமும் கொண்ட இவ்விளைஞர் 1917 ஜூனில் 'தி செவன் ஆர்ட்ஸ்' இதழில் அறிவாளர்களும் போரும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அறிவாளர்களை எவரும் இழுத்துச் செல்லவில்லை. தாமே விரும்பிப் போனார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. தம் ஆசிரியர் ஜான் டூயியையும் அவர் விடவில்லை. அவ்விதழை எந்தக் காவலரும் பூட்டவில்லை. போர் எதிர்ப்பை விரும்பாத புரவலர் பொருளுதவியை நிறுத்தினார். அக்டோபர் இதழோடு அது நின்றது. அரசு என்பது பற்றிய கட்டுரையை முடிக்காமலே 1918 டிசம்பர் 22இல் விஷக் காய்ச்சலுக்குப் போர்ன் பலியானார். வயது 32.

'தி மாசஸ்' இதழின் முடிவு இன்னும் விந்தையானது. 1917 ஆகஸ்ட் இதழை எடுத்துச் செல்ல அஞ்சல் துறை மறுத்தது. பின்பு, ஓர் இதழ் அஞ்சலில் வராமையால் இது ஒழுங்காக வெளிவரும் பருவ இதழன்று என்று கூறிச் சலுகைக் கட்டணத்தையும் பறித்தது. ஆண்டு முடிவதற்குள் இதழ் நின்றது. ஆசிரியர் குழு மீதான வழக்கில் 1918இல் இருமுறை விசாரணை நடந்தும் நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஊரெல்லாம் ஒரே குரலில் பேசிய காலத்திலும் பன்னிருவருள் தலையசைக்க மறுத்த சிலர் இருந்தனர்! அவர்களாலேயே அவ்வெழுத்தாளர்கள் சிறை தப்பினர்.

போருக்குப் பின்

ஒருமித்த மௌனத்துக்கு உயிர்களும் விலையாயின. 1918 செப்டம்பர் 28ஆம் நாள் பிலடெல்பியாவில் கடன் பத்திர ஊர்வலம் நடந்தது. தொற்றுக் காய்ச்சல் நகருக்குள் புகுந்துவிட்டதை அறிந்தும் அதை நிறுத்தவில்லை. சுமார் இரண்டு இலட்சம் பேர் திரண்டனர். சில நாளில் மருத்துவமனைகள் நிரம்பின. அமெரிக்காவில் மட்டும் அந்நோயால் மாண்டவர் சுமார் 6,75,000. போரில் இறந்த அமெரிக்க வீரர் தொகையோ சுமார் 1,16,000. போரில் சேராத ஸ்பெயின் நாட்டு இதழ்கள் நோயை மறைக்காமல் எழுதியதால் அது 'ஸ்பானியக் காய்ச்சல்' என்று பெயர் பெற்றது. உண்மை சொன்னவன் தலையில் பழி விழுந்தது.

போரை எதிர்த்துக் காண்டன் நகரில் பேசிய தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்சுக்குப் பத்தாண்டுச் சிறை. 1919 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1920இல் அவர் சிறையிலிருந்தே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஒன்பது இலட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்றார். வில்சன் அவரை மன்னிக்கவில்லை. 1921 கிறிஸ்துமசில் அடுத்த தலைவர் வாரன் ஹார்டிங் விடுவித்தார். டெப்சுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹோம்சே அதே ஆண்டு நவம்பரில், ஆப்ரம்ஸ் வழக்கில், நாம் வெறுக்கும் கருத்துக்கும் காப்பு வேண்டும் என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார். பின்னாளில் வளர்ந்த பேச்சுரிமைக்கு அத்தீர்ப்பு வித்தாயிற்று. மோன்டானாவில் தண்டனை பெற்றோருள் 78 பேருக்கு 2006இல் மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். பெற்றுக்கொள்ள அவர்களுள் ஒருவரும் உயிரோடு இல்லை.

வில்சனின் கனவாகிய நாடுகள் கழகத்தை அமெரிக்கச் செனட் 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் ஏற்க மறுத்தது. உலகுக்கு அவர் கொடுத்த சொல் சொந்த நாட்டில் தோற்றது. மாற்றுக் குரலைக் கேட்கும் பழக்கத்தை இரண்டாண்டில் இழந்த நாடு, தலைவரின் குரலையும் கேட்க மறுத்ததில் வியப்பு என்ன?

இவ்வரலாற்றை நான் நெடுநாள் எண்ணியதுண்டு. அரசு பறித்த சொல் குறிப்பேட்டில் இருக்கிறது. அதற்கு வழக்கு உண்டு, தீர்ப்பு உண்டு, காலம் கடந்தேனும் மன்னிப்பு உண்டு. நாமாகக் கொடுத்துவிட்ட சொல்லுக்குப் பதிவு இல்லை. பத்து ஆண்டுகளாக நம் வட்டத்தில் ஒருவர் கவிதையை மற்றவர் மறுத்துப் பேசியிருக்கிறோம். மறுத்தவர்க்கும் அடுத்த கூட்டத்தில் நாற்காலி இருந்திருக்கிறது. எளிய பழக்கம்தான். ஆனால் 1917இல் நியூயார்க்கின் இலக்கிய மேசைகளில் அந்த ஒரு நாற்காலியைத்தான் முதலில் எடுத்துவிட்டார்கள். அடுத்த பத்தாண்டிலும் நம் கூடத்தில் அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.